யார் தொழிலாளி? கொங்கு நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் கதை

1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்றப்பெற்ற குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எடுத்துப் படிப்போர்க்கு முதலில் வியப்பளிப்பது அதன் இறுதியில் இணைக்கப்பட்டிருந்த அட்டவணையே. நாட்டில் உழைத்து உண்போர் எல்லார்க்கும் இன்ன கூலி கொடுத்தாக வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. அட்டவணையில் பெயர் கண்ட தொழில்களுக்கு மட்டுமே அரசு கூலி வகுக்கும் என்று கூறிற்று. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பீடி, தோட்டத் தொழில், கல்லுடைப்பு, சாலை வேலை, கட்டட வேலை, பொதுப் போக்குவரத்து, தோல் பதனிடுதல் ஆகியவை அதில் இருந்தன. இரண்டாம் பகுதியில் வேளாண்மை இருந்தது. பஞ்சாலை இல்லை.

கோவை வாசகர் இதைப் படித்துச் சற்றே திகைப்பர். ஸ்டேன்ஸ் துரை 1888இல் ஆலை தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்தபின் சுற்றுப்புறமெங்கும் ஆலைச் சங்குகள் ஊதத் தொடங்கின. அன்று முதல் இந்நகரில் கூலி என்றால் ஆலைக் கூலிதான். கூலிக்கென்றே பிறந்த சட்டத்தில் ஆலைக்கு இடமில்லாமற் போனது ஏன்?

இச்சட்டத்தின் மூதாதையைப் பார்த்தால் விடை கிடைக்கும். இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டு தொழில் வாரியச் சட்டம் வந்தபோது அது நான்கே தொழில்களைத் தொட்டது: ஆயத்த ஆடைத் தையல், காகிதப் பெட்டி, லேஸ், இரும்புச் சங்கிலி. நான்கிலும் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலும் கொல்லைப்புறப் பட்டறையிலும் அரைவயிற்றுக் கூலிக்கு உழைத்தனர். 1928இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் இதையே நெறியாக்கிற்று. கூட்டாகப் பேசிக் கூலி பெறும் வழி இல்லாத தொழில்களுக்கும், கூலி மிகவும் தாழ்ந்துள்ள தொழில்களுக்குமே அரசு குறைந்தபட்சக் கூலி வகுக்க வேண்டும் என்றது. சங்கம் உள்ளவன் தன் வாயால் கேட்டுக்கொள்வான். வாயில்லாதவனுக்குச் சட்டம் வாயாக இருக்கட்டும் என்பது அதன் உட்கருத்து.

கோவை ஆலைத் தொழிலாளிக்கு வாய் இருந்தது. அதைப் பெற அவன் கொடுத்த விலையும் சிறிதன்று. என்.ஜி. ராமசாமி போன்றோர் சங்கம் கட்டினர். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழில்துறை ஏற்ற வி.வி. கிரியின் காலத்தில் வேங்கடராமய்யாவின் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்து ஆலை நிலைமைகளை ஆராய்ந்தது. அதன் பிறகும் அமைதி வரவில்லை. ஆலையின் அடியாள் ஒருவன் கொலையுண்ட வழக்கில் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 11ஆம் நாள், தில்லியில் மத்திய சட்டசபையில் குறைந்தபட்சக் கூலி மசோதா வந்தது. அப்போது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர். ஆனால் அந்த மசோதா ஆலைத் தொழிலாளிக்காக வந்ததன்று. அவனுக்கு 1947இல் தொழில் தீர்ப்பாயமும் 1957இல் அமைந்த பருத்தி ஆலைச் சம்பள வாரியமும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் வகுத்தன.

எனவே 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் சமுதாயத்தைத் தொட்டது ஆலை வழியாக அன்று. பீடி வழியாகவும் தோல் வழியாகவுமே. இவ்விரண்டிலும் முதலாளியாக நின்றவர்களிலும் தொழிலாளியாக அமர்ந்தவர்களிலும் நம்மவர் மிகுதி. இதை மறந்துவிட்டு இச்சட்டத்தின் வரலாற்றைப் பிறர் கதைபோல் படிப்பது பொருந்தாது.

குறைந்தபட்சம் என்பதை எதைக்கொண்டு அளப்பது என்ற வினா சட்டத்தைவிடப் பழமையானது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பைத்துல் மாலிலிருந்து மக்களுக்கு உணவு மானியம் வகுக்க முற்பட்டபோது செய்ததை வரலாற்றாசிரியர் பலாதுரீ குறித்துள்ளார். ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கி ரொட்டி சுடச் செய்து, முப்பது பேரை அழைத்து உண்ணச் செய்தார்கள். மாலையிலும் அவ்வாறே செய்தார்கள். அதிலிருந்து ஓர் ஆளுக்கு மாதம் இரண்டு ஜரீப் போதும் எனக் கணித்து அதையே வகுத்தார்கள். ஒரு வேளைக்கு முப்பதில் ஒரு பங்கு. நாளைக்கு இரு வேளை. மாதத்துக்கு அறுபது வேளை. கணக்கு சரியாக இருக்கிறது. பால் மறந்த குழந்தைக்கே மானியம் என்றிருந்த விதியால், ஒரு தாய் தன் குழந்தையை முன்னதாகவே பால் மறக்கச் செய்ததை இரவில் அக்குழந்தையின் அழுகையால் அறிந்து, பிறந்த நாளிலிருந்தே மானியம் என மாற்றிய செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அது கூலியன்று, மானியம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பிழை. ஆயினும் மனிதன் வாழ எவ்வளவு வேண்டும் என்பதை விருப்பத்துக்கு விடாமல் உண்ணச் செய்து அளந்த அந்த முறை குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் அவ்வளவு தெளிவான கணக்கு 1957ஆம் ஆண்டுதான் கிட்டியது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒப்பி ஓர் அளவுகோல் வகுத்தனர். உழைக்கும் ஒருவரை நம்பி மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம். ஆளுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை. விறகு, விளக்கு, பிற செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது. கலோரிக் கணக்குக்கு அடிப்படையாக நின்றது டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரை. அவர் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியது கோவைக்கு மேலே மலையேறினால் வரும் குன்னூரில்! அந்த மூன்று அலகில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு 0.8, பிள்ளைகள் இருவர்க்கும் ஆளுக்கு 0.6. ஆலையில் நின்றாலும் அடுப்படியில் நின்றாலும் பெண்ணின் வயிறு சிறியது என்று கணக்கிட்டோர் முடிவு செய்துவிட்டனர் போலும்.

1991இல் சென்னையில் ஆலை கொண்டிருந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் போன்ற செலவுகளுக்காகக் கூலியில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சேர வேண்டும் என்றது. திருமணச் செலவும் கூலிக் கணக்கில் அடங்கும் என்று நாட்டின் உயர்ந்த மன்றமே சொன்னதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் அது வேறு வடிவில் வரும்.

கூலியை அரசு வகுப்பது முறையா என்ற ஐயம் வணிகர் சமுதாயமான நமக்கு இயல்பாக எழும். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அதைக் கொண்டு நம் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் விலை நிர்ணயத்தை ஏற்பதில்லை. ஹிஜ்ரி 728இல் (1328) மறைந்த இப்னு தைமிய்யா தம் ‘அல்-ஹிஸ்பா’ நூலில் இதற்கு ஒரு வரம்பு காட்டினார். அவருடைய பிற கருத்துகளில் நம் உலமாக்களுக்கு மாறுபாடு உண்டு என்பதை அறிவேன். ஆயினும் இங்கு அவர் சொல்வது சந்தையை அறிந்தவர் சொல். வரத்துக் குறைந்து விலை தானே ஏறினால் அதில் தலையிடுதல் அநீதி. சிலர் கூடிக்கொண்டு பிறர் பொருளையோ உழைப்பையோ தாம் விரும்பிய விலைக்கே விற்கச் செய்தால், அங்கே தலையிடாதிருத்தல் அநீதி. அந்நிலையில் அதிகாரி விதிக்க வேண்டியது ஒத்த வேலைக்குரிய ஒத்த கூலியாகும்.

மேனாட்டுப் பொருளியலாரின் சர்ச்சையும் ஏறத்தாழ இதுவே. கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலை குறையும் என்று 1946இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதினார். 1994இல் டேவிட் கார்டும் ஆலன் குருகரும் அமெரிக்காவில் கூலியை உயர்த்திய நியூஜெர்சி உணவகங்களையும், உயர்த்தாத அண்டை மாநிலமான பென்சில்வேனிய உணவகங்களையும் ஒப்பிட்டு, வேலை குறையவில்லை என்றனர். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலை கொடுப்போர் சிலராகவும் கேட்போர் பலராகவும் இருக்கும் இடத்தில் கூலி சந்தை விலையன்று, கொடுப்போர் வைத்த விலை என்பதே இதன் சாரம்.

ஆனால் முதலாளி எல்லை தாண்டிப் போய்விட்டால்? அதுவும் நம் பக்கத்திலேயே நடந்தது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு செயற்படுத்த முனைந்தபோது, 1968இல் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூரிலிருந்து தொழிலை எடுத்துக்கொண்டு வெளியேறிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களை வைத்தே 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு எழுந்தது என்பது அக்கதையின் மறுபாதி. அது எல்லா ஊரிலும் நடக்கவில்லை.

நிற்க. வெளியேறுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தொழிலாளியைத் தொழிலாளி அல்லன் என்று சொல்லிவிடுவது. கொங்கு நாட்டில் கூலிச் சட்டத்தின் உண்மைக் கதை இங்கேதான் இருக்கிறது. எத்தனை ரூபாய் என்பதைவிட யாருக்கு என்பதே இங்கு நீண்ட வழக்கு.

சேலத்துப் பீடித் தொழிலாளர் வழக்கு இதற்கு முதற்சான்று. பீடி முதலாளி இலையும் தூளும் ஏஜென்டிடம் கொடுப்பார். ஏஜென்டு ஆட்களை வைத்துச் சுற்றச் செய்வார். பலர் இலையை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டி வருவர். சுற்றிய பீடி முதலாளியின் அடையாளச் சீட்டு ஒட்டிச் சந்தைக்குப் போகும். கூலித் தகராறு வந்தபோது முதலாளிகள் சொன்ன விடை: அவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர், ஏஜென்டுகள் தனி வியாபாரிகள், அவர்களிடம் போய்க் கேளுங்கள். ஏஜென்டோ இலைக்கும் தூளுக்கும் கொடுத்த விலையையும் பீடிக்கு வாங்கும் விலையையும் முதலாளியே எழுதி வைத்த ஏட்டில் காண்பவர்; அவர் எதைக் கொண்டு கூலி உயர்த்துவார்? திவான் முஹைதீன் சாகிப் அன் சன்ஸ் நிறுவனத்துக்கும் சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே தீர்ப்பாயத்தில் தொடங்கிய இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964இல் அம்மன்றம், ஏஜென்டு தனி வியாபாரி என்பது பெயரளவில்தான், பீடி சுற்றுவோர் முதலாளியின் தொழிலாளரே என்று தீர்த்தது. இந்தியத் தொழிற்சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் அவ்வழக்கைப் படிக்கின்றனர். வழக்கின் ஒரு பக்கத்தில் உள்ள பெயர் நம் பெயர். மறுபக்கத்தில் சங்கத்தின் பெயருக்குள் மறைந்திருந்தவர்களிலும் நம்மவர் இல்லாமலா இருந்திருப்பர்?

வீட்டில் அமர்ந்து முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணை மட்டும் தீர்ப்பு எளிதில் எட்டவில்லை. அவளுக்கு வருகைப் பதிவேடு இல்லை. பாஸ் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்கும். சுற்றுவோர் மூவராக இருப்பர். சேதம் என்று கழித்த கட்டுக்குக் கூலி கிடையாது. பர்தாவுக்குள் இருந்துகொண்டே சம்பாதிக்கலாம் என்று அத்தொழிலைப் புகழ்ந்து பேசிய நாம், வெளியே வந்து கேட்க அவளால் இயலாது என்பதே அக்கூலி தாழ்ந்திருப்பதற்கு ஒரு காரணம் என்பதைப் பேசியதில்லை.

இனித் திருப்பூர். 1984இல் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இங்கிலாந்தில் 1910இல், வகுத்த கூலியை முதலாளிகள் தரக் கேட்டு வாரக்கணக்கில் நின்ற சங்கிலிப் பெண்களின் நினைவு வருகிறது. திருப்பூர்ப் போராட்டத்துக்குப் பின் ஒரு கூரையின் கீழ் இருந்த தொழில் துண்டு துண்டாயிற்று. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் காண்ட்ராக்டரிடம். பீஸ் ரேட்டு பரவிற்று. எத்தனை கம்பெனி, எவர் முதலாளி என்று சொல்வதே கடினமாயிற்று. நேற்றைய டெய்லர் இன்று நான்கு மிஷின் வைத்த காண்ட்ராக்டர் ஆனதும் உண்டு. அந்த ஏற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவனிடம் வேலை செய்தவனுக்கு யாரிடம் பஞ்சப்படி கேட்பது என்பதே தெரியாமற் போயிற்று. தையல் தொழிலுக்கு 2014இல் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியும் வழக்குக்குப் போய், 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தால் உறுதியாயிற்று.

சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறியில் நிலைமை இன்னும் விந்தையானது. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் தம் தறியில் நெய்து துணியாகக் கொடுத்து மீட்டர் கணக்கில் பெறுவதற்குப் பெயர் கூலி. ‘கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்’ என்றே தம் சங்கத்தை அவர்கள் அழைப்பர். சட்டத்தின் முன்னோ அவர்கள் தறிக்கு உடையவர், எனவே முதலாளி. பேசி முடித்த கூலி உயர்வைத் தரவில்லை என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது அமைச்சரும் அதிகாரிகளும் நடுவில் அமர்ந்து பேசினர். பேச்சில் முடிந்த கூலிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் காப்பு ஏதும் இல்லை. அத்தறியில் நிற்கும் ஆளின் கூலியோ இந்தக் கூலியிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவுக்கும் பின் கதை தொடங்கிய இடத்துக்கே, பஞ்சாலைக்கே, திரும்புகிறது. நிரந்தரத் தொழிலாளரைக் குறைத்துக்கொண்டே வந்த நூற்பாலைகள், 1990களின் பிற்பகுதியிலிருந்து வறண்ட மாவட்டங்களின் இளம்பெண்களை அழைத்து வந்து விடுதியில் வைத்தன. சுமங்கலித் திட்டம் என்றும் திருமணத் திட்டம் என்றும் இதற்குப் பெயர்கள். மூன்றாண்டு வேலை, மாதந்தோறும் சிறு தொகை, மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாக. இடையில் உடல் நலங்கெட்டு வீடு திரும்பியவர்க்கு அத்தொகை இல்லாமற் போனது பல. அப்பெண்களைத் தொழிலாளி என்று ஏட்டில் எழுதவில்லை. பயிற்சியாளர் என்று எழுதினர். மூன்றாண்டு பயின்றாலும் கற்று முடியாத நூற்பு எதுவோ, அறியேன்.

அந்தத் தொகையின் பெயரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அது அன்பளிப்பன்று. அவளுடைய கூலியையே பிடித்து வைத்து, அவளுடைய சீருக்காகத் திரும்பத் தருவது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைத் தந்துவிடுமாறு பணித்த நபியின் உம்மத்தார் நாம். மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரை விதித்த மார்க்கத்தார் நாம். மூன்றாண்டு உலர்ந்த கூலி வரதட்சணையாக மாறி மணமகன் வீட்டுக்குப் போகும் ஏற்பாட்டில் இவ்விரண்டும் ஒருசேரத் தலைகீழாகின்றன. வரதட்சணை கேட்கும் மஹல்லாக்கள் நம்மிலும் உண்டு என்பதால், இதை ஆலை முதலாளியின் குற்றம் என்று மட்டும் எழுதி முடிக்க என் பேனா துணியவில்லை.

2008இல் தமிழக அரசு நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கு நாளொன்றுக்கு 110 ரூபாயில் தொடங்கும் கூலியையும் அதன்மேல் பஞ்சப்படியையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் அறிவித்தது. ஆலை முதலாளிகளின் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்த்தது. சங்கத்தின் வலிமையால் 1948இல் அட்டவணைக்கு வெளியே நின்ற பஞ்சாலை, சங்கமில்லாத பெண்களின் வலிமையின்மையால் அறுபது ஆண்டுக்குப் பின் அந்தச் சட்டத்தைத் தேடி வந்தது. ஏறத்தாழ அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கோவைச் சிறையில் உயிர்விட்ட நால்வரும் கேட்டது ஆலைத் தொழிலாளியின் மானமும் கூலியும். அதே ஊரின் ஆலைகளுக்கு 110 ரூபாய் என்று அரசு வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தை மீறியவர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. சிறை ஆறு மாதம் வரை. குறைத்துக் கொடுத்த கூலிக்குப் பத்து மடங்கு வரை ஈட்டுத் தொகை பெறவும் அதில் வழி இருந்தது. அவ்வழியே சென்று முறையிடத் தொழிலாளிக்கு வேண்டியவை இரண்டு: தான் அவரிடம் வேலை செய்தேன் என்பதற்கு ஒரு தாள், மறுநாள் வேலை போனாலும் உண்ண ஒரு வேளைச் சோறு. ஏட்டில் பெயரில்லாதவர்க்கு முதலாவதும், அன்றாடக் கூலிக்கு இரண்டாவதும் பெரும்பாலும் இருந்ததில்லை.

அச்சட்டம் இப்போது இல்லை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அட்டவணை ஒழிந்தது. இனி எத்தொழிலாயினும் குறைந்தபட்சக் கூலி உண்டு. மத்திய அரசு வகுக்கும் அடித்தளக் கூலிக்குக் கீழே மாநிலங்கள் போகலாகாது. அபராதமும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய வேலி நீங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. தொழிலாளி என்பார் யார் என்று அத்தொகுப்பு விளக்கும் இடத்தில் மட்டும் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்டவர் நீங்கலாக என்று அதற்குள் எழுதியிருக்கிறது.